ஐந்தாவது குத்து

இரண்டாவது குத்திலும் ரத்தம் வரவில்லை. டாக்டர் கணேஷ்குமார் ஊசியை உருவிக்கொண்டு, தப்பு முழுக்க நரம்பினுடையது என்பதுபோல ஜம்புநாதனின் இடது கையை ஒரு முறைப்பு முறைத்தார்.

நரம்பு பாவம், என்ன செய்யும்? கணேஷ்குமார் பல் டாக்டர். ஈறில் ஊசி போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். கையில் நரம்பு தேடிப் பழக்கமில்லை. போன மாதம் பேகம்பேட்டை ஓட்டல் ஒன்றில் நடந்த இரண்டு நாள் வகுப்பில் ஒரு ரப்பர் கையில் குத்திப் பார்த்ததோடு சரி. அதிலும் நரம்பைப் பச்சைக் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். சான்றிதழை மட்டும் வந்த அன்றைக்கே ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். நோயாளியின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, எந்த மருந்தும் கலக்காமல் உடனே மெஷினில் சுற்றவிட்டால், சிவப்பெல்லாம் அடியில் தங்கி, நடுவில் இளநீர் வழுக்கை மாதிரி ஒன்று திரளும். கெட்டுப்போன பல்லைப் பிடுங்கிய குழியில் அதை வைத்துத் தைத்தால் புண் சீக்கிரம் ஆறும், எலும்பு வளரவும் உதவும் என்கிறார்கள். பிறகு அங்கே செயற்கைப் பல்லை ஊன்றலாம்.

கிளினிக் முதலாளி சக்ரபாணி, சாஃப்ட்வேர்க்காரர்களுக்காக மாதாப்பூரில் புதுக் கிளை திறக்கப் போகிறார். இந்த முதல் கேஸை நல்லபடியாக முடித்தால் அந்தக் கிளை கணேஷ்குமாருக்கு என்று சொல்லி, உடைந்த முன்பல்லின் எக்ஸ்ரேயைக் கையில் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். முடிக்காவிட்டால் ஆயுசுக்கும் இந்த அல்வால் கிளினிக்கிலேயே உட்கார்ந்து ஊரார் பல்லில் காரை சுரண்ட வேண்டியதுதான்.

அப்பாயின்ட்மென்ட் நோட்டில், போனில் பதிவு செய்தவர் பெயராக ஜம்புநாதன் என்று இருந்தது. லாலாகுடா ரயில்வே பட்டறையில் ரிட்டயரானவர். மனைவி அம்மணியோடு அவர் உள்ளே வந்ததும் கணேஷ்குமார் நலம்கூட விசாரிக்கவில்லை. இருந்த படபடப்பில், முதலில் கொஞ்சம் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார். ஜம்புநாதன் மறுபேச்சில்லாமல் சட்டைக் கையைச் சுருட்டினார். இப்படி ஒரு தங்கமான மனுஷன் கிடைத்தாரே என்று கணேஷ்குமாருக்கு வயிறு குளிர்ந்தது. அதற்கப்புறம்தான் அந்த இரண்டு குத்து.

கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கீழ்த்தளத்து லேபிலிருந்து தியாகுவை வரவழைத்தார். தியாகு கிரிக்கெட் பேசிக்கொண்டே ஒரே குத்தில் ரத்தத்தை எடுத்து, தானே மெஷினில் வைத்து ஓடவும் விட்டார். பன்னிரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் மேலே மஞ்சள் தண்ணீர், கீழே சிவப்பு. நடுவில் எதுவுமே திரளவில்லை. பழக்கதோஷத்தில் தியாகு தன் லேப் குழாயில் எடுத்திருந்தார். ரத்தம் உறையாமலிருக்க மருந்து போட்ட குழாய் அது.

கணேஷ்குமார் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டார். "எனக்காவது ரத்தம் வந்துச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டுத் தியாகு விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

நாலாவது குத்து மறுபடி கணேஷ்குமாருடையது, வலது கையில். அதிசயமாக ரத்தம் வந்தது. வந்த சந்தோஷத்தில் அந்த ஒற்றைக் குழாயை மெஷினில் செருகி பட்டனை அமுக்கினார். எதிர்ப்பக்கம் எடைக்கு எடை வைக்க வேண்டும் என்பதை வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிக் கொடுத்தார்கள். ஐயா அப்போது பிரியாணி மயக்கத்தில் இருந்தார். மெஷின் கடகடவென்று ஆடியபடி மேஜை விளிம்புக்கே நடந்து வந்தது. ஜம்புநாதன்தான் பாய்ந்து அமுக்கிப் பிடித்து சுவிட்சை அணைத்தார். உள்ளே குழாய் சுக்குநூறாகியிருந்தது.

"நக்கோ தம்பி, அப்படி வேணாம். ஒத்தைப் பக்கம் பாரம் வச்சா எந்தச் சக்கரமும் ஒழுங்கா சுத்தாது. எதிர்ல அதே எடைக்குத் தண்ணி வையுங்க" என்ற ஜம்புநாதன், பெருமூச்சோடு மறுபடியும் கையை நீட்டினார்.

கணேஷ்குமாரை வெட்கம் பிடுங்கித் தின்றது. "ரொம்ப நோகுதுங்களா சார்?"

"ஹவ், ஆமா, நோகாம இருக்குமா? பரவால்ல, எடுங்க. காரியம் நல்லபடியா முடிஞ்சா சரி."

ஐந்தாவது குத்து புறங்கையில். ரத்தமும் வந்தது, எதிரே தண்ணீர்க் குழாயும் வைத்தாயிற்று. மெஷின் நின்றதும் நர்ஸ் கமலம் மூடியைத் திறந்தாள். வெளிர் மஞ்சளில், துளி பிசகில்லாமல் திரண்டிருந்தது. கணேஷ்குமாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மாதாப்பூரில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது என்றுகூட யோசித்துவிட்டார்.

ஜம்புநாதனைக் கைத்தாங்கலாக நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, பல் டாக்டர் முதலில் சொல்ல வேண்டியதை அன்றைக்குக் கடைசியாகச் சொன்னார். "வாயைத் திறங்க சார்."

ஜம்புநாதன் திறந்தார். கணேஷ்குமார் எக்ஸ்ரேயைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். மேல் வரிசையை எண்ணினார். சந்தேகத்துக்குக் கீழ் வரிசையையும் எண்ணினார். முப்பத்திரண்டும் ஆடாமல் அசையாமல் இருந்தன.

மூலை நாற்காலியிலிருந்து அம்மணி எழுந்து வந்தார்.

"எங்க வீட்ல யாருக்கு ஆபரேஷன்னாலும் ஆஸ்பத்திரியில ரத்தம் குடுக்கறது இவர்தான் டாக்டர். பல்லு உடைஞ்சது எனக்கு."