நாற்காலிக்கு ஓர் ஆண்ட் கேட்

இனி இந்த வீட்டில் எந்த முடிவும் வாய்ச்சண்டையில் எடுக்கப்படாது, எல்லாம் சர்க்யூட் படிதான் என்று லாஜிக் சார் அறிவித்தபோது, அவர் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவருடைய அறிவிப்புகள் அவளுக்குப் புதிதல்ல.

லாஜிக் சார் என்பது பாலிடெக்னிக் மாணவர்கள் வைத்த பெயர். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் எடுப்பவர். வகுப்பில் மாணவர்கள் வாய் திறக்காமல் பாடம் கேட்பார்கள். பாதிப் பேர் கண்ணும் திறப்பதில்லை. மனைவிக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இழப்பீடு கேட்டு வருகிறவர்களிடம் இனிமையாகப் பேசி, கேள்வியை அப்படி இப்படித் திருப்பி, "கிடையாது" என்று அனுப்பி வைக்கும் பிரிவு.

சண்டை ஹாலில் கிடந்த சாய்வு நாற்காலியைப் பற்றியது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரோடு இருப்பது. உறை கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதுதான் வரவேற்கும். ஒரு காலுக்குச் செங்கல் முட்டு. அதில் உட்கார்ந்தால்தான் தன் மூளை வேலை செய்யும் என்பார் அவர். உட்கார்ந்தும் செய்யவில்லையே என்பாள் அவள். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் வண்டி வரும்போது ஏற்றிவிடப் போவதாகவும் சொல்லிவிட்டாள்.

லேப்டாப் திறக்கப்பட்டது அதனால்தான். சிமுலேஷன் மென்பொருளில் இரண்டு சுவிட்சுகளை இழுத்துப் போட்டார். நடுவில் ஓர் ஆண்ட் கேட். முடிவில் ஒரு பல்ப்.

"இது என் சுவிட்ச், இது உன்னுது. ரெண்டும் ஆன் ஆனாதான் பல்ப் எரியும். எரிஞ்சாதான் காரியம் நடக்கும். ஒருத்தர் ஆஃப் பண்ணாலும் நடக்காது."

"எங்க, எரிய வைங்க பாப்போம்."

இரண்டையும் ஆன் செய்தார். பல்ப் செத்துக் கிடந்தது.

"இரு இரு, சாஃப்ட்வேர் கொஞ்சம் ஸ்லோ."

"உங்க ஒயர் கேட்டைத் தொடவே இல்லீங்க. பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்குது. வீட்டு வேலைல நீங்க நிக்கற மாதிரி."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒயரை ஒட்டினார். பல்ப் எரிந்தது.

"முதல் கேள்வி. நாற்காலியை வண்டில ஏத்தலாமா?"

அவள் தன் சுவிட்சை ஆன் செய்தாள். அவர் தன்னுடையதைக் கம்பீரமாக ஆஃப் செய்தார். பல்ப் அணைந்தது.

"பாத்தியா! நான் சொல்லலை, சர்க்யூட் சொல்லுது."

அவள் கோபப்படவில்லை. அவர் பயந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

"நியாயம்தான். எல்லா விஷயத்துக்கும் இதே சட்டமா?"

"எல்லாத்துக்கும்."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"சேவ் பண்ணிட்டேன்மா!"

"சரி, அடுத்த கேள்வி நான் கேக்கறேன். நாற்காலி ஹால்ல இருக்கலாமா?"

அவர் படக்கென்று ஆன் செய்தார். அவள் மடித்த துண்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒற்றை விரலால் தன் சுவிட்சை ஆஃப் செய்தாள். இருட்டு.

லாஜிக் சாருக்கு வியர்த்தது. "இரு, இது தப்பான கேட். ஆர் கேட் போட்டுடறேன். யாராவது ஒருத்தர் சரின்னா போதும்."

"கேட்டை மாத்தலாமா? என் சுவிட்ச் ஆஃப்லதான் இருக்கு."

"அப்ப எங்கதான் வைக்கறது? வண்டிலயும் ஏத்தக் கூடாது, ஹால்லயும் இருக்கக் கூடாது!"

"பால்கனி? அதுக்கு நான் ஆன்."

வேறு வழியில்லை. அவரும் ஆன் செய்தார். நாற்காலியை மூச்சு வாங்கச் சுமந்துபோனார். செங்கலை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். உதவாத மனைவி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா?

பால்கனியில் சாய்ந்து யோசித்தார். நாற்காலி பிழைத்துவிட்டது, ஆக, வெற்றி தனக்குத்தான். முடிவுக்கு வந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கதவைத் தள்ளினார். உள்தாழ்ப்பாள்.

"ஏம்மா, நனையறேன்! கதவைத் திற!"

லேப்டாப்பை ஏந்தியபடி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"நீங்க உள்ள வரலாமா, அதானே கேள்வி? உங்க சுவிட்சை நானே ஆன் பண்ணிட்டேன்."

"உன்னுது?"

"பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்குது. அந்த முதல் கேள்வியை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்களேன், எனக்கும் மனசு மாறுதான்னு பாப்போம்."

மழை வலுத்தது. லாஜிக் சார் கேள்வியைக் கேட்டார். கேட்ட வேகத்தில் "ஆன்! ஆன்!" என்று பதிலையும் அவரே கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்து போனது. செங்கல் மட்டும் பால்கனியில் இருக்கிறது. லாஜிக் சார் இப்போது அதில் உட்கார்ந்துதான் யோசிக்கிறார்.