விசில் டீச்சரின் ஐந்து நாற்காலிகள்

அன்னவாசலில் போலீஸ் விசிலுக்கு நிற்காத வண்டிகூட விசில் டீச்சரின் விசிலுக்கு நின்றுவிடும். பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயரான பிறகும் அவர் கழுத்திலிருந்து விசில் இறங்கவில்லை. தனியாள். அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தில் ஒரு சிட்-அவுட் போட முடிவெடுத்தார். கீழே கடப்பாக் கல், மேலே வெறும் ஆகாயம், நடுவில் ஐந்து நாற்காலி. அவர் தம்பிக்கோ அங்கே இரண்டு போர்ஷன் எழுப்பி வாடகைக்கு விட ஆசை.

"ஒத்த ஆளுக்கு எதுக்குக்கா அஞ்சு சேரு?"

"உக்காரத்தான்."

"யாரு வந்து உக்காரப் போறா?"

"அத நான் பாத்துக்கிறேன். நீ கோட்ட மிதிக்காம அங்கிட்டு நில்லு."

கோடு என்றால் நிஜமாகவே கோடு. ஸ்போர்ட்ஸ் டேக்கு டிராக் போடுவதைப்போல, பிளானைச் சுண்ணாம்புப் பொடியால் தரையிலேயே போட்டிருந்தார். நாற்காலி வரும் இடத்தில் வட்டம். ஒரு ஞாயிறு முழுக்க நானும் அவரும் அந்த வட்டங்களில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு மாறி மாறி உட்கார்ந்து, வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்தோம். என் மண்டை காய்ந்ததுதான் மிச்சம். வாஸ்து பார்க்க வந்தவர் கோட்டை மிதித்ததற்காக மூன்று விசில் வாங்கினார். நான்காவதற்கு அவர் அங்கே இல்லை.

மேஸ்திரி வேலைக்கு வந்த அன்று டீச்சர் பென்ஷன் விஷயமாகப் புதுக்கோட்டை போயிருந்தார். திரும்பி வந்தால், ஐந்து வட்டத்திலும் இடுப்பளவு குழி!

"சுண்ணாம்புல குறி போட்டிருந்துச்சுங்க டீச்சர். தோண்டத்தான் சொல்றீங்கன்னு தோண்டிட்டேன்."

தம்பிக்கு வாயெல்லாம் பல். "குழிதான் எடுத்தாச்சேக்கா. பில்லர நிறுத்தி வீட்டக் கட்டிருவோம்."

டீச்சர் ஊதிய விசில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். "பில்லர எறக்குறதுன்னா மொதல்ல என்னைய எறக்கி மூடு!"

மறுநாள் ஐந்து குழியிலும் புங்கன் கன்று நின்றது. கன்றுக்கு ஒன்றாகப் பக்கத்தில் நாற்காலி.

"இது என்னைக்கு வளந்து என்னைக்கு நெழல் தர்றது?" என்றார் தம்பி.

"வளரட்டும். நான் எங்கயும் போகல."

நிழல் வரும்வரை குடையைப் பிடித்துக்கொண்டே டீ குடித்தார். எனக்கும் ஒரு குடை வாங்கி இரண்டாவது நாற்காலியில் வைத்திருந்தார். குழி தோண்டிய குற்றத்துக்காக மேஸ்திரி தினமும் தண்ணீர் ஊற்ற வந்து, மூன்றாவது நாற்காலியில் நிரந்தரமாகிவிட்டார். ஒரு பொங்கலுக்குத் தம்பியும் வந்து நான்காவதில் உட்கார்ந்தார்.

மாற்றலாகி நான் ஊரைவிட்டு வந்து நாலு வருடமாகிறது. ஐந்தாவதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாமாம். என் நாற்காலிப் பக்கம் யாராவது போனால் மட்டும் இன்னும் விசில் அடிக்கிறார் என்று மேஸ்திரி போனில் சொன்னார்.