கருப்பட்டிக்குள் ஒரு பல்

அடுத்தவன் பொறுமையைச் சோதிப்பதில் எங்கள் நாக்கு ஐயாவுக்கு நிகரானவர் மலைநாட்டில் பிறந்ததில்லை. இனிப் பிறக்கவும் வேண்டாம்.

இலங்கையின் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர் டீமேக்கர். ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் ஆன தேயிலையைக் காலையில் கோப்பை கோப்பையாக உறிஞ்சி, துப்பி, தரம் சொல்வார். உதவியாளனான என் வேலை தலையாட்டுவது.

துப்பி முடித்ததும் உள்ளங்கையில் சீனியைக் குவித்து நக்கிக்கொண்டே பாலில்லாத சாயத் தண்ணி குடிப்பார். சீனி தீர்ந்தால் கருப்பட்டி.

“எதுக்குங்க ஐயா இம்புட்டு இனிப்பு?”

“நாளெல்லாம் கசப்பைத் துப்புறேன்டா. நாக்குக்குக் கூலி குடுக்க வேணாமா?”

பிறகு தாகம் வந்தது. லிந்துலைக் குளிரில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. அவர் வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர்கள் பின்வாங்கினார்கள்.

“மரியாதை தெரிஞ்ச பயலுக” என்று மகிழ்ந்தார்.

ஒருநாள் கருப்பட்டியைக் கடித்தவர் அலறினார். உள்ளே ஏதோ வெள்ளையாக நின்றது. என்னையும் இழுத்துக்கொண்டு, கருப்பட்டி வாங்கிய பஜார்க் கடைக்கு ஓடினார்.

“என்ன நானா, கருப்பட்டியில கல்லு வச்சு விக்கிறீங்களா?”

கடைக்கார நானா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது கல்லு இல்ல ஐயா, பல்லு. உங்கட பல்லு.”

நானாவுடனான பேச்சுவார்த்தை அன்றோடு நின்றது.

பல்லோடு போயிருந்தால் பரவாயில்லை. நாக்கில் வெள்ளை படர்ந்து ருசியும் போனது. நல்ல தேயிலையெல்லாம் அவருக்குப் பழைய சாக்காக இருந்தது. கொழுந்தைத் திட்டினார், அடுப்புக்காரனைத் திட்டினார், மிச்சத்தை எனக்கு வைத்திருந்தார். அவர் ஒதுக்கிய தேயிலையைத் தோட்டத்தை நடத்தும் துரை வந்து குடித்துப் பார்த்தார். நல்ல தேயிலை என்றார். இனியும் இப்படி நடந்தால் வேறு டீமேக்கர் பார்க்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாக்கு ஐயா தேயிலைப் பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்தார். “எனக்கு ஒண்ணுமே வெளங்கலடா” என்றார். அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். பயமாக இருந்தது.

டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போனேன். வாயைப் பார்த்த தோட்டத்து டாக்டர் ஐயா, ஒரு போத்தலைக் கொடுத்து மூத்திரம் கேட்டார்.

“நோவு வாயிலங்க! நீங்க எங்க போறீங்க?”

மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுச் சூடாக்கியதும் அது செங்கல் நிறமானது.

“ஒடம்பெல்லாம் சக்கரைங்க. அது கொறையாம ஈறு ஆறாது, நாக்கும் திரும்பாது.”

“சக்கரை இருந்தா வாய் இனிக்கணுமேங்க?” என்று மடக்கினார் நாக்கு ஐயா.

டாக்டர் ஐயா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஊசி, உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு, அளந்த சோறு. ஒளித்து வைத்த கருப்பட்டியைச் சாக்கு மடிப்புகளிலிருந்து தேடி எடுப்பது என் கூடுதல் வேலை. அந்த மாதங்களில் தேயிலையை நான் குடித்து அவர் காதில் ஓதுவேன்; அதையே அவர் உரக்க அறிவிப்பார். நடுவில் என்னைத் திட்டவும் செய்வார்.

ருசி திரும்பியது. பற்கள்தான் பாதி திரும்பவில்லை. சும்மா இருந்தாரா? டோர்ச் லைட் ஒன்று வாங்கினார். ஸ்டோர் வாசலில் நின்று, “வாயைத் தொறடா!” என்று ஒருவர் விடாமல் பரிசோதித்தார். வேலைக்கு வருபவர்கள் கொழுந்து ஏற்றும் பின்வாசலால் நுழையத் தொடங்கினார்கள்.

என் கடைவாயில் ஒரு சொத்தை அவரிடம் சிக்கியது. விடவில்லை. டிஸ்பென்சரி நாற்காலியில் என்னை உட்காரவைத்து, குறட்டோடு வந்த டாக்டர் ஐயாவிடமே சண்டை போட்டார்.

“மெதுவாங்க! அவன் வாய் என்ன கல்லுப் பாறையா?”

பிறகு என் பக்கம் திரும்பி, “ஆடாதடா எரும” என்றார். பல் வெளியே வரும்வரை இருவரையும் திட்டித் தீர்த்தார். என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்திருந்த கையை மட்டும் எடுக்கவே இல்லை.