கோபத்துக்குக் கீழே

காந்தம் இன்றைக்கும் கோபத்தில்தான் ஒட்டியிருந்தது. தொடர்ந்து ஐந்தாவது நாள்.

பிரிட்ஜ் கதவின் முன்னால் பிரஷ்ஷும் கையுமாக நின்றார் லிஃப்ட் மெக்கானிக். வாயில் நுரை, நெற்றியில் சுருக்கம். பெற்றோருக்கான ஆன்லைன் வகுப்பில் சேர்ந்த சூட்டோடு சூடாக அவரே வரைந்து அந்தக் கதவில் ஒட்டிய நான்கு முகங்கள். உச்சியில் சந்தோஷம், அடுத்து ஆச்சரியம், அப்புறம் சோகம், அடியில் கோபம். இருபது வருஷமாக மாடிகளோடு புழங்கியவருக்கு வேறு எப்படி அடுக்கத் தோன்றும்?

நான்கு வயது மகள் தினமும் காலையில் தன் மனசு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தில் சிவப்புக் காந்தத்தை ஒட்ட வேண்டும். அவளும் ஒட்டினாள். குதிகாலைத் தூக்கி, எக்கி, பட்டென்று கோபத்தில்.

"பாத்தியா, எவ்வளவு ஆவேசமா ஒட்டுறா!" என்றார் மனைவியிடம்.

மனைவி நர்ஸ். காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "ஏன்டி அங்க ஒட்டுறேன்னு அவகிட்டயே கேட்டுட்டாப் போச்சு."

"ஏன்னு மட்டும் கேக்கவே கூடாது. கொழந்தைக்குக் குத்தவாளிக் கூண்டுல நிக்கிற மாதிரி இருக்குமாம். வகுப்புல மொத பாடமே அதுதான்."

"அப்ப ரெண்டாவது பாடத்த நீங்களே பாத்துக்குங்க. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு."

காலை நேரம் முழுக்க அவர் பொறுப்பு. எழுப்புவது, குளிப்பாட்டுவது, பள்ளியில் விடுவது எல்லாம் அவர்தான். அப்படியென்றால் காலையில் வரும் கோபம் யார்மேல்? அந்தக் கேள்விதான் அவரை உள்ளே அரித்தது. ஆனாலும் ஆள் அசரவில்லை. அவர் கைபட்டு ஓடாத லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்தால் கோளாறு தானாக வெளியே வந்துவிடும்.

முதலில் பால் டம்ளரை மாற்றினார். நீலம் போய் மஞ்சள் வந்தது. அதுவரை சமர்த்தாகப் பால் குடித்துக்கொண்டிருந்தவள் அரை மணி நேரம் ஊரைக் கூட்டினாள்.

"நீ கோவமா இருக்கேன்னு அப்பாவுக்குப் புரியுது," என்றார் வகுப்பில் சொல்லிக்கொடுத்த குரலில்.

"நான் கோவமா இல்ல. எனக்கு நீல டம்ளர் வேணும்!"

'மறைக்கிறாள்' என்று மனைவிக்கு மெசேஜ் போட்டார்.

அடுத்தது தலையணை வைத்தியம்.

"கோவம் வந்தா இதக் குத்தணும், சரியா?"

"தலகாணி என்னப்பா பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா குத்து கண்ணு."

பிறந்ததிலிருந்து ஓர் எறும்பைக்கூட அடித்தறியாத பிள்ளை, அப்பா சொல்கிறாரே என்று குத்தினாள். முதல் நாள் தலையணை. மறுநாள் சோபா. மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து போன் வந்தது.

அப்போது அவர் புதுக் கட்டடம் ஒன்றில் சைட் இன்ஜினீயரை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தார். "பட்டன் போர்டைக் கொண்டுபோய் இவ்வளவு ஒசரத்துல வெச்சிருக்கீங்களே, ஒரு கொழந்தை உள்ள மாட்டிக்கிட்டா எதை அமுக்கும்? கொஞ்சமாவது யோசிக்க வேணாம்?" இன்ஜினீயர் தலையைக் குனிந்துகொண்டார். மெக்கானிக் வெற்றிப் பார்வையோடு போனை எடுத்தார்.

"சார், உங்க பொண்ணு பக்கத்துல இருந்த பையனக் குத்திட்டா," என்றார் மழலையர் பள்ளி டீச்சர். "கேட்டா, அப்பாதான் குத்தச் சொன்னாருங்கிறா. சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பேசலாமா?"

"தாராளமா வாங்க மிஸ். சிகிச்சை நல்லாப் போயிட்டிருக்கு."

டீச்சர் வருவதற்குள் ஒரு முடிவு கட்டியாக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிட்ஜ் முன்னால் குனிந்து நின்று யோசித்தவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. "குனிஞ்சு பாத்தா எப்படி விளங்கும்? என் கண்ணுக்கு நேரா இருந்தாத்தானே கூர்ந்து கவனிக்க முடியும்!" நான்கு முகங்களையும் உரித்து, ஒரு முழம் மேலே ஏற்றி ஒட்டினார்.

சனிக்கிழமை காலை காந்தம் கோபத்தில் இல்லை. எந்த முகத்திலும் இல்லை. கோபத்துக்கும் கீழே, வெறும் வெள்ளைக் கதவில் ஒட்டியிருந்தது.

மெக்கானிக் குனிந்து, கதவுக்கு வெகு அருகில் முகத்தை வைத்துப் பார்த்தார். "கோவத்துக்கும் கீழ என்ன இருக்கு?"

"காய்கறி ட்ரே," என்றாள் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. வகுப்புக் குறிப்புகளை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். கோபத்தோடு பாடம் முடிந்திருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கொழந்தைக்கு என்னப் பிடிக்கவே இல்ல போலிருக்கு," என்றார். அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கிண்டல் செய்ய வாயெடுத்த மனைவி, பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள்.

பத்து மணிக்கு டீச்சர் வந்தார். மெக்கானிக் நீல டம்ளரில் தொடங்கி வெள்ளைக் கதவு வரைக்கும் ஒன்று விடாமல் விளக்கினார். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பிரிட்ஜ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குழந்தையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"ஏன் கண்ணு, காந்தத்த இங்க ஒட்டியிருக்கே?"

"மிஸ், ஏன்னு மட்டும் கேக்காதீங்க..." என்று பதறி எழுந்தார் மெக்கானிக்.

மகள் அண்ணாந்து முகங்களைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

"எனக்கு இவ்வளவுதான் மிஸ் எட்டும். சந்தோஷத்துல ஒட்டணும்னா அப்பா என்னத் தூக்கணும்."