எந்த நாள் வீரர் நாள்?

எல்லையில் உயிர்விட்ட சிப்பாயின் பெயரில் ஆண்டுதோறும் ஓர் அரசு நாள், அன்று ஊருக்கே விடுமுறை என்று அமைச்சர் மேடையில் முழங்கிவிட்டு, கைதட்டலோடு காரில் ஏறிப் போய்விட்டார். எந்த நாள் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தச் சில்லறை வேலை அலுவலகக் கண்காணிப்பாளர் தலையில் வந்து விழுந்தது.

"அவர் இறந்த தேதியையே வச்சிடலாம் சார்," என்றார் அவர்.

துறைச் செயலாளர் காலண்டரைப் புரட்டினார். "ஞாயித்துக்கிழமை வருதேய்யா! ஒரு லீவு வீணாப்போச்சுன்னு ஊழியர் சங்கத்துக்காரங்க என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க."

"பிறந்த தேதி?"

"அன்னிக்கு அமைச்சருக்கும் பொறந்தநாள். ரெண்டு பேர் படத்தையும் மேடையில வச்சா, செத்தது யாருன்னு ஜனங்க குழம்பிடுவாங்க."

அப்போதுதான் கண்காணிப்பாளருக்குப் பொறி தட்டியது. வரும் இருபதாம் தேதி அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். லீவு கேட்டால், "விழா வேலை முடியட்டும்" என்றே பதில் வந்தது. "பொண்ணு நிச்சயத்துக்கு வரலைன்னா, நீங்க அந்த ஆபீஸ்லயே குடித்தனம் பண்ணிக்குங்க," என்று மனைவியும் கறாராகச் சொல்லியிருந்தாள்.

"பட்டாளத்துல சேர்ந்த தேதியை வச்சா என்ன சார்? இருபதாம் தேதி. வெள்ளிக்கிழமை."

சிப்பாய் எந்தத் தேதியில் சேர்ந்தார் என்பது அவருக்குச் சத்தியமாகத் தெரியாது. செயலாளருக்கும் அது தேவைப்படவில்லை. சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் லீவு என்றதும் தேசபக்தி பொங்கி, உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆணை வெளியானதும் ஊரே பெட்டி கட்டத் தொடங்கியது. செயலாளர் பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"எல்லாரும் டூர் கிளம்புறாங்கய்யா! காலி நாற்காலியைப் பார்த்தா அமைச்சர் சாமியாடுவார். நம்ம துறைக்கு மட்டும் லீவு ரத்து."

"சார், என் பொண்ணு..."

"யோசனையே உங்களோடதுதானே? முதல் வரிசையில நீங்கதான் உக்காரணும்!"

இருபதாம் தேதி பத்து மணிக்கு நிச்சயதார்த்தம். பத்து மணி விழாவுக்கு அமைச்சர் பன்னிரண்டுக்கு வந்து, வீரரின் பெயரைத் தப்பாகச் சொல்லி, தன் தியாகங்களைப் பற்றி விரிவாகப் பேசினார். கண்காணிப்பாளரின் சட்டைப்பையில் செல்போன் துடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பேசத் தைரியமில்லை. மகளின் முகம் நினைவுக்கு வர, கண் கலங்கிவிட்டது.

பக்கத்து நாற்காலியில் சிப்பாயின் தங்கை. அந்தக் கண்ணீரைத் தன் அண்ணனுக்கானது என்று எண்ணி, அவள் தன் கைக்குட்டையை நீட்டினாள்.

"அழாதீங்க சார்."

"அது இல்லம்மா," என்று முணுமுணுத்தார் அவர். "இன்னிக்கு என் பொண்ணுக்கு நிச்சயம். ஒரே ஒரு நாள் லீவு கேட்டேன், குடுக்கல. இந்த மாதிரி கொடுமை உலகத்துல யாருக்காவது நடக்குமா?"

அவள் மேடையிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"அண்ணன் செத்த அன்னிக்குத்தான் சார் எனக்கு நிச்சயம். அவரும் ஒரே ஒரு நாள் லீவுதான் கேட்டிருந்தாரு."