அப்பாவின் பல்லை அவித்த நாள்

அரைகுறையாகக் கற்றுக்கொண்டவள் ஒரு வீட்டுக்குச் செய்யக்கூடிய சேதத்தை, ஒன்றுமே தெரியாதவளால் செய்ய முடியாது. என் அப்பாவின் புத்தம்புதுப் பல்செட்டை அடுப்பில் வைத்து அவித்தவள் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. படிப்பை முடித்துவிட்டு, செட்டிபாளையத்தில் சும்மா இருக்கத் தெரியாமல் இருந்தேன். களுவாஞ்சிக்குடியில் பற்சுகாதாரம் பற்றி ஒருநாள் பயிற்சி என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். தொட்டில் முதல் முதுமை வரை பல்லை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் விசயம். கைக்குழந்தை, பாற்பல், பள்ளிக்கூட வயது, கர்ப்பிணித் தாய்மார் என்று ஒரு சொல் விடாமல் எழுதினேன். முதுமைக்கு வந்தபோது மணி மூன்றரை. பஸ் போய்விடும் என்று எழும்பி வந்துவிட்டேன். (முதுமைக்கு இன்னும் காலம் இருக்கிறதே!)

மறுநாளே வீட்டில் என் ஆட்சி தொடங்கியது. அக்காவின் கைக்குழந்தைக்குப் பால் குடித்த பிறகு ஈரத்துணியால் முரசு, அதாவது பல் முளைக்கும் ஈறு, துடைத்தேன். அவளுடைய நாலு வயது மூத்தவனுக்குப் பட்டாணி அளவு பற்பசைதான் என்று சட்டம் போட்டேன். அவன் அதை விழுங்கிவிட்டு இன்னும் கேட்டான். அம்மாவின் வெற்றிலைத் தட்டத்தை ஒளித்து வைத்தேன்.

"உன்னப் பெத்த காலத்தில இருந்து போடுறன். எனக்கு என்ன வந்த?" என்று அம்மா வாயைத் திறந்து காட்டினார். உள்ளே எல்லாம் செங்கல் நிறம்.

மிச்சம் இருந்தது அப்பா மட்டும்.

அப்பாவின் பல்செட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அம்மாவின் அண்ணன் தெய்வநாயகம் மாமாவும் அப்பாவும் பாலர் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். மாமா படுக்கையில் விழுந்தபோது அப்பாவிடம் ஒன்று கேட்டார்.

"மச்சான், நான் செத்து முப்பத்தோராம் நாள் என்ட கல்வெட்ட நீதான் வாசிக்கணும். ஆனா இந்த ஓட்ட வாயோட வாசிச்சாயெண்டா நான் எழும்பி வந்திருவன்."

(இறந்தவரின் வாழ்க்கையைப் பாட்டாக எழுதி, சிறு புத்தகமாக அச்சடித்து, முப்பத்தோராம் நாள் சபையில் வாசிப்பதைத்தான் கல்வெட்டு என்போம்.)

பத்து வருசமாகப் பல்லில்லாமலே சமாளித்த அப்பா, அந்த வாரமே பல் வைத்தியரிடம் போனார். மிஞ்சிக் கிடந்த வேர்களைப் பிடுங்கி, புண் ஆறும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, பல்செட்டோடு மாமாவின் முன்னால் போய் நின்றார். "இப்பதான் மாப்பிள மாதிரி இரிக்காய்" என்றார் மாமா. அடுத்த கிழமை மாமா போய்விட்டார்.

அதன் பிறகு தினமும் தென்னைகளுக்கு நடுவே நின்று அப்பா வாசித்துப் பழகினார். த-வும் ந-வும் நாக்கு மேற்பல்லைத் தொட்டுப் பிறக்கிற எழுத்துகள் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருக்கிறேன். 'தெய்வநாயகம்' என்று அப்பா சொன்னபோதுதான் அதைக் காதால் கேட்டேன்.

முப்பத்தோராம் நாள் காலை. பல்செட்டைக் கோப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டு அப்பா கிணற்றடிக்குப் போனார். அடுப்பில் அக்காவின் குழந்தை பால் குடிக்கும் சூப்பிப்போத்தல்கள் கொதித்துக்கொண்டிருந்தன. எனக்குள் ஞானம் பிறந்தது. குழந்தை வாயில் வைப்பதைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்றால், அப்பா வாயில் வைப்பது மட்டும் என்ன பாவம் செய்தது?

கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் அவித்தேன்.

அப்பா எடுத்து மாட்டினார். ஒரு பக்கம் இருந்தது; மறுபக்கம் எழும்பியது. அந்தப் பக்கத்தை அழுத்தினார், இந்தப் பக்கம் எழும்பியது.

"என்ன மனே செஞ்சாய்?"

"அவிச்சன் அப்பா."

"என்னத்த?"

"பல்ல."

அம்மா அகப்பையோடு வந்துவிட்டார். "பல்ல அவிக்க அது என்ன மரவள்ளிக்கிழங்கா?"

வைத்தியருக்குப் போன் எடுத்தேன். சுடுதண்ணீர் பட்டால் பல்செட் வளைந்துவிடும், புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்றார். "பச்சைத் தண்ணியில, மெல்லிய பிரஷால கழுவிட்டு, ராவைக்குத் தண்ணிக்குள்ள போட்டு வைக்கணுமெண்டு உங்களுக்கு ஒருவரும் சொல்லல்லயா?"

சொல்லியிருப்பார்கள். மூன்றரைக்குப் பிறகு.

அப்பா வளைந்த பல்செட்டைக் கோப்பைக்குள் திரும்பப் போட்டுவிட்டு, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

மாமா வீட்டில் சபை கூடியது. அப்பா கல்வெட்டை விரித்து, மாமாவின் படத்தைப் பார்த்து, "தெய்வ" என்று தொடங்கினார். காற்றுத்தான் வந்தது. மறுபடியும் தொடங்கினார். மறுபடியும் காற்று. துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு மாமியின் பக்கம் திரும்பினார்.

"பல்லில்ல தங்கச்சி."

துவாய்க்குள்ளால் வந்த அந்த வார்த்தை மாமியின் காதில் வேறாக விழுந்தது. "சொல்லில்லயாம்!" என்று மாமி வீரிட்டு அழ, பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ அப்பாவுக்குச் சோடா உடைத்தார்கள்.

அப்பா கல்வெட்டுப் புத்தகத்தை என் கையில் வைத்தார். நான் வாசிக்கத் தொடங்கினேன், வழக்கமான என் வேகத்தில். அப்பா என் முழங்கையைப் பிடித்தார். வேகத்தைக் குறைத்தேன். இன்னும் அழுத்தினார். இன்னும் குறைத்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் அவருடைய வாய் சத்தமில்லாமல் அசைந்தது. மாமாவின் பெயர் வரும் இடங்களில் மட்டும் என் கையை இறுக்கினார். வாசித்து முடிய, அந்த இடத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

'மச்சானுக்காகச் சொல்லிழந்த மனிசன்' என்று ஊரே அப்பாவைப் புகழ்ந்தது. நாங்கள் மறுக்கவில்லை. மூன்று வருசம் மறுக்கவில்லை.

போன மாதம் மாமியும் பல்செட் போட்டார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மனே, நீ படிச்சவதானே. இத எப்படிக் கழுவுற?"

அப்பா உள்ளேயிருந்து ஓடி வந்தார். "அவளுட்டக் குடுத்திராத தங்கச்சி!"

"ஏன் அண்ணன்?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மாமி அப்பாவைப் பார்த்தார்.

"அப்ப அண்டைக்கு நீங்க அழல்லயா அண்ணன்?"

"அழுதன்தான் தங்கச்சி. பல்லுக்கும் சேத்து."

மாமி புதுப்பல்லை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். "அந்த மனிசன் இரிந்திருந்தா, இதக் கேட்டுச் சிரிச்சே செத்திருக்கும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

அன்றிலிருந்து இந்தக் கதை மாமியுடையது. கல்யாண வீட்டிலும் சொல்கிறார், செத்த வீட்டிலும் சொல்கிறார். பத்து நிமிடம் அவித்தது இப்போது அரை மணித்தியாலமாகிவிட்டது. நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தாலும், அப்பா ஒரு விரலால் தன் வாயை மெல்லத் தொட்டு, பிறகு செய்வித்த பல்செட் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்.