மைனஸ் அம்மிணி

"நன்னாப் பாருப்பா, பதினாலரைதானா?"

கிட்டு தராசு முள்ளை உற்றுப் பார்த்தான். போன வெள்ளிக்கிழமை இதே ரேஷன் கடையில், இதே தராசில், அவன் மகள் அம்மிணி பதினாறு ராத்தல் இருந்தாள்.

"பதினாலரைதான் சாமி," என்றான் எடை போடும் பூதத்தான். அம்மிணி தட்டில் இருந்தபடியே அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

மாட்டுங்காவில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழேயே கடை. யுத்த காலத்து ரேஷன் அரிசியோடு ஐந்து மாதக் குழந்தையையும் நிறுத்து வருவது கிட்டுவின் வழக்கம். அவன் இன்ஷூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா. வாரா வாரம் எடையைச் சாக்பீஸால் அடுக்களைக் கதவில் எழுதி, வளர்ச்சி வேகம் கண்டுபிடிப்பான். அடுத்த வார எடையிலிருந்து முந்தின வார எடையைக் கழித்து இரண்டால் வகுத்தால் நடு வாரத்தின் வேகம். பெற்ற குழந்தையைப் பார்த்தால் தெரியாதது அவனுக்குக் கதவைப் பார்த்தால் தெரியும்.

"விசாலம், போன வாரத்துக்கு முந்தின வாரம் பதினஞ்சரை, இன்னிக்குப் பதினாலரை. கழிச்சு வகுத்தா மைனஸ் அரை. போன வெள்ளிக்கிழமையே குழந்தை இளைச்சிண்டு இருந்திருக்கா!"

"அன்னிக்குப் பூரா சிரிச்சு விளையாடினாளே!" என்றாள் அவன் மனைவி விசாலாக்ஷி.

"சிரிப்பெல்லாம் கணக்குல வராது."

"டாக்டர்கிட்டக் காட்டலாம், கேட்டேளா?"

"டாக்டர் ஒரு தரம் பார்ப்பார். ஒரே புள்ளியை வெச்சுண்டு ஏறறதா இறங்கறதான்னு யாரால சொல்ல முடியும்?"

உடம்பு தேற நேந்திரங்காய்ப் பொடியில் கஞ்சி காய்ச்சிப் புகட்டினான். அம்மிணிக்கு வயிறு கெட்டது. மறுநாளே மறுபடி நிறுத்தபோது இன்னும் கால் ராத்தல் போயிருந்தது.

"வாரக் கணக்குல பார்க்கறதுதான் தப்பு. இடைவெளி சின்னதானாத்தான் வேகம் துல்லியமாத் தெரியும்," என்று கிட்டு ஆபீசுக்கு லீவு போட்டான். திங்கட்கிழமை காலையில் பதினாலேகால். சாயங்காலம் பதினாலு. நடுவில் அம்மிணி நனைத்த துணிகளைக் கதவில் யாரும் எழுதவில்லை.

கிட்டு சாக்பீஸால் கதவில் கழித்துப் பார்த்தான்.

"அரை நாளுக்குக் கால் ராத்தல் விசாலம். ஒரு நாளைக்கு அரை. இப்படியே போனா..."

"போனா?"

"நாலு வாரத்துல பூஜ்யம்." குழந்தை என்றால் அவனுக்கு உயிர்.

விசாலாக்ஷி அழுகையை அடக்கிக்கொண்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். "இந்த ஊர்த் தண்ணி என் குழந்தைக்கு வேண்டாம். நான் பாலக்காட்டுக்குப் போறேன்."

"எப்போ வருவே?"

"உங்க கதவு ப்ளஸ்னு சொல்லட்டும், வரேன்."

மறுநாள் வாசலில் விக்டோரியா குதிரை வண்டி வந்து நின்றது. கிட்டு கெஞ்சிக் கூத்தாடி, கடைசியாக ஒருமுறை நிறுத்துப் பார்க்கக் குழந்தையைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். விசாலாக்ஷியும் பெட்டியோடு பின்னால் வந்து நின்றாள்.

"பெட்டியோட எங்க சாமி கிளம்பிட்டிய?"

"பதினாறு ராத்தல் குழந்தைப்பா! ஒரே வாரத்துல ஒண்ணரை ராத்தல் போயிடுத்து," என்று கிட்டு தேம்பினான்.

பூதத்தான் உள்ளே முதலாளி இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பிள்ளை எங்க சாமி மெலிஞ்சுது? போன வாரந்தான இன்ஸ்பெக்டர் வந்து பதினாறு அவுன்சுக்குப் பதிலாப் பதினாலே இருந்த எங்க ராத்தல் கல்லையெல்லாம் பிடுங்கிட்டு நெசக் கல்லக் குடுத்துட்டுப் போனாரு. இத்தன நாளாக் கொறஞ்சது உங்க அரிசில்லா!"